மூன்று விரல் போன கதை

ஈஸ்டர் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, சாயங்காலம் வரப்போகும் விருந்தாளிகளுக்காக மடக்கு நாற்காலிகளை எடுக்க செவாஸ்தி மொட்டைமாடி அறைக்கு ஏறினாள். நாற்காலிகளுக்குப் பின்னால் ஒரு கோழித்தீவனச் சாக்கு இருந்தது. அவர்கள் வீட்டில் கோழி இல்லாமல் போய் ஆறு வருஷமாகிறது.

சாக்கின் வாயைப் பிரித்துப் பார்த்தாள். பழுப்புக் காகிதம் சுற்றிச் சணலால் இறுக்கிக் கட்டிய உருளைகள், ஒவ்வொன்றும் அவள் மணிக்கட்டுப் பருமன். தலையில் திரி. அந்தக் கிரேக்கத் தீவில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. துறைமுகத்தின் இரண்டு பக்கமும் எதிரும் புதிருமாக நிற்கும் குன்றுகளிலிருந்து, ஈஸ்டர் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வாலிபர்கள் போட்டி போட்டு வெடி எறிவார்கள். கண்ணாடி உடையாமல் இருக்க ஊரே ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும். சட்டம் கூடாது என்கிறது. வருஷா வருஷம் சட்டம் தோற்றுப்போகிறது.

எண்ணினாள். பதினொன்று. அதில் ஒன்றின்மேல் நீல மையில் மகனின் கோணல் கையெழுத்து: 'அப்பாவின் மூன்று விரல்களுக்கு.'

செவாஸ்தி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தெமெலிஸுக்குப் பதினாறு வயது முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு, துறைமுகத்தை நோக்கி வேகமாக நடந்தாள். கணவன் சகெல்லாரிஸ் படகு மோட்டார் பழுது பார்ப்பவன். திருநாள் அன்றும் பட்டறையில்தான் இருப்பான். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான் அவனுக்கு; அந்த இரண்டாலேயே ஸ்பானரைக் கவ்விப் பிடித்து வேலை செய்துவிடுவான்.

படத்தைப் பார்த்ததும் அவன் முகத்தில் முதலில் வந்தது பயமில்லை.

"பதினொண்ணா? பரவால்லையே. நாங்க அந்தக் காலத்துல நாப்பது வெச்சிருந்தோம்."

"பெருசு பண்ணிப் பாரு. மேல என்ன எழுதியிருக்கான்னு படி."

படித்தான். ஸ்பானரைக் கீழே வைத்தான். எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

"சாப்பாட்டுக்கு முன்னாடி தூக்கிட்டுப் போய்க் கடல்ல போட்டுடறேன்," என்றான்.

"போடு. அவன் சிநேகிதன் நோமிகோஸ் வீட்ல இன்னொரு சாக்கு இருக்கும். போன வருஷம் அவன் செல்போனப் புடுங்கி வெச்ச. ஜன்னல் வழியா எறங்கிப் போனான். வாசக்கதவப் பூட்டின. மாடி தாண்டிப் போனான். நாம பூட்டப் பூட்ட அவன் தாண்டக் கத்துக்கிட்டதுதான் மிச்சம்."

"அப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"வெரல் எப்படிப் போச்சுன்னு, நடந்தத நடந்தபடி சொல்லு."

சகெல்லாரிஸ் வெளியே கடலைப் பார்த்தான். "அவனுக்கு என்கிட்டப் பிடிச்சதே அந்தக் கதை ஒண்ணுதான் செவாஸ்தி. ரெண்டு வருஷமா எனக்கு முகம் குடுத்துப் பேசறதில்ல. ஆனா யாராவது என் கையப் பாத்தா மட்டும் பக்கத்துல வந்து நிமிந்து நிக்கறான். அதையும் நானே புடுங்கிக்கவா?"

அந்தக் கதையை முதலில் சொன்னது அவள்தான்.

தெமெலிஸுக்கு ஆறு வயதிருக்கும்போது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் 'நண்டுக்கை மகன்' என்று அவனைக் கேலி செய்தார்கள். ஒருநாள் உதடு கிழிந்து வந்தான். அவனைக் குளிப்பாட்டும்போது அவள் வாயில் வந்ததைச் சொன்னாள்: அப்பா கையில் வெடி பிடித்திருந்தார், திரி வேகமாக எரிந்துவிட்டது, கீழே பாதையில் சின்னப் பிள்ளைகள் நின்றார்கள், போட்டால் அவர்கள்மேல் விழும், அதனால் அப்பா கையைவிட்டு விடாமல் பாறைப்பக்கம் ஓடினார், அதில் விரல் போயிற்று. பையனின் கண்கள் விரிந்தன. மறுநாள் பள்ளிக்கூடமே அந்தக் கதையைக் கேட்டது. கேலி நின்றது. இரவு சாப்பாட்டின்போது மகன் அதைத் தகப்பனிடம் திருப்பிச் சொல்ல, சகெல்லாரிஸ் அவளைப் பார்த்தான், மறுக்கவில்லை. அடுத்த ஈஸ்டருக்கு விருந்து மேசையில் அவனே சொன்னான். அதற்கடுத்த வருஷம் கீழே நின்ற பிள்ளைகளில் ஒன்றுக்குச் சிவப்புத் தொப்பி முளைத்தது. இப்படிப் பத்து வருஷம்.

"நான் ஆரம்பிச்சேன்," என்றாள் செவாஸ்தி. "நானும் சேந்து சொல்றேன். ஆனா இன்னிக்குச் சொல்லணும். நாலு மணிக்கு முன்னாடி."

இருவரும் வீட்டுக்கு வந்து மாடி ஏறினார்கள். பூட்டு நெம்பப்பட்டுக் கொண்டியோடு தொங்கியது. சாக்கு இல்லை.

*

பன்னிரண்டரைக்குத் தெமெலிஸ் சாப்பிட வந்தான். தலையை ஈரமாக வாரி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். "கிறிஸ்து உயிர்த்தார்," என்றான் வழக்கம்போல. "மெய்யாவே உயிர்த்தார்," என்றார்கள் இவர்கள். அடுப்பிலிருந்து எடுத்த ஆட்டிறைச்சிப் பானையை செவாஸ்தி மேசையில் வைத்தாள். ஈஸ்டருக்கென்று சிவப்புச் சாயம் ஏற்றி அவித்த முட்டைகளை, யாருடையது உடையாமல் நிற்கிறது என்று மோதினார்கள். தகப்பன் முட்டை நொறுங்கியது, மகன் முட்டை தப்பியது.

"இந்த வருஷ அதிர்ஷ்டம் என்கிட்ட," என்றான் தெமெலிஸ். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தான்.

அந்தச் சிரிப்பைச் செவாஸ்தி பார்த்தாள். ஆனாலும் கேட்டாள்.

"சாக்கு எங்க?"

"எந்தச் சாக்கு?"

"பூட்ட ஒடச்சு எடுத்த சாக்கு."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "அது போக வேண்டிய எடத்துக்குப் போயிடுச்சு. அப்பாவும் இதே வயசுலதானே போனாரு? அவரு போனா வீரம், நான் போனா மட்டும் திருட்டா?"

"தெமெலிஸ்," என்று ஆரம்பித்தான் சகெல்லாரிஸ். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. அந்த வருஷம்... திரி கொஞ்சம் வேகமா எரிஞ்சுது. கீழ புள்ளைங்க..."

பழகிய தடத்திலேயே நாக்கு போய்விட்டது. அவனுக்கே அது தெரிந்து பாதியில் நின்றான்.

"கீழ யாரும் இல்ல," என்றாள் செவாஸ்தி.

"என்னம்மா?"

"கீழ ஒரு புள்ளையும் இல்ல. வெறும் பாறை. அந்தக் கதைய நான்தான் உனக்குச் சொன்னேன். உனக்கு ஆறு வயசு. ஒதடு கிழிஞ்சு வந்து நின்ன. எனக்கு வேற வழி தெரியல."

தெமெலிஸ் தகப்பன் பக்கம் திரும்பினான். மறுப்பான் என்று எதிர்பார்த்தவன்போல.

"பந்தயம்டா," என்றான் சகெல்லாரிஸ், மேசைத்துணியைப் பார்த்தபடி. "கொளுத்தினத யார் ரொம்ப நேரம் கையில வெச்சிருக்கான்னு. எனக்குப் பத்தொம்போது வயசு. பந்தெலிஸ்னு என் சிநேகிதன், ஒண்ணா வளந்தோம். அவன் முறைக்கு அவன் நேரத்தோட எறிஞ்சுட்டான். என் முறைக்கு, 'போதும் போடுடா, போடுடா'ன்னு கிட்ட வந்து கத்தினான். நான் சிரிச்சுக்கிட்டே வெச்சிருந்தேன். எனக்கு மூணு வெரல் போச்சு. அவனுக்கு ரெண்டு கண்ணும் போச்சு."

"பக்கத்துல நின்ன யாரோ ஒருத்தருக்கு அடிபட்டுச்சுன்னு சொல்லுவியே. அது அவரா?"

"ஆமா."

"யாரோ ஒருத்தரு."

"ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல கெடந்தான். லைட்டப் போடுங்க, லைட்டப் போடுங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். பகல் அது. நான் போர்வைய இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டேன்."

திறந்திருந்த ஜன்னல் வழியாக, எதிர்க்குன்றில் யாரோ மைக்கைச் சரிபார்க்கும் சத்தம் வந்தது.

"நோமிகோஸோட அப்பாவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டான் தெமெலிஸ்.

"அந்த வயசுக்காரங்க எல்லாருக்கும் தெரியும்."

"அதான். போன வாரம் அவங்க வீட்ல உன் கதைய நான் சொன்னேன். கையெல்லாம் ஆட்டிச் சொன்னேன். அவங்கப்பா சிரிச்சாரு. எதுக்குச் சிரிக்கறாருன்னு எனக்குப் புரியல." அவன் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "ஊருக்கு நடுவுல என்னக் கோமாளியா நிக்க வெச்சுட்டீங்க, ரெண்டு பேரும் சேந்து."

சகெல்லாரிஸ் போய்க் கதவை மறித்து நின்றான்.

"நகரு."

"இன்னிக்கு மட்டும் போகாதடா."

"நகருன்னேன்."

இருவரும் இப்போது ஒரே உயரம். மகன் கை முஷ்டியாக மடங்குவதைச் செவாஸ்தி பார்த்தாள். தகப்பனின் ஊனக் கை உயரப் போவதையும் பார்த்தாள். ஒரு அடி விழுந்துவிட்டால் பிறகு இந்த வீட்டில் எதையும் ஒட்டவைக்க முடியாது.

"விடு அவன," என்றாள்.

அவளுக்கே அது வேறு யாரோ சொன்னதுபோல இருந்தது. சகெல்லாரிஸ் விலகினான். பையன் படிகளில் இறங்கும் சத்தம் தேய்ந்து போயிற்று.

"ஏன் விடச் சொன்ன?" என்றான் சகெல்லாரிஸ், குரல் உடைந்து. "ஏதாவது ஆச்சுன்னா?"

"புடிச்சு வெச்சா இன்னிக்கு ஒரு நாள் வீட்ல இருப்பான். நாளைக்கு?" விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள். "நாமளும் போவோம். எந்திரி."

*

நோமிகோஸின் தகப்பனுக்குப் போன் போட்டாள். "விடும்மா, பசங்கதானே," என்று அவர் சிரித்தார். "நம்ம காலத்துல நாம போடலையா?" இரண்டு சிநேகிதர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். காபிக்கடைகளில் தேடினார்கள். எங்கும் இல்லை. மூன்றரைக்குக் குன்றின் அடிவாரத்துக்கு வந்தபோது சகெல்லாரிஸ் நின்றுவிட்டான்.

இருபத்திமூன்று வருஷமாக அவன் இந்தப் பாதையில் கால் வைத்ததில்லை. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் நான்கு மணி ஆனால் பட்டறையை உள்பக்கம் பூட்டிக்கொண்டு, ரேடியோவை அலறவிட்டு உட்கார்ந்துகொள்வான். மகனுக்கு அது தெரியாது. அப்பா மோட்டார் வேலையில் இருக்கிறார் என்று நினைத்திருந்தான்.

"என்னால முடியாது," என்றான்.

"என்னாலயும்தான் முடியாது," என்றாள் செவாஸ்தி. முன்னால் நடந்தாள். சிறிது நேரத்தில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

மேலே கயிறு கட்டி ஒரு தடியன் காவலுக்கு நின்றான். "இதுக்கு மேல யாரும் வரக்கூடாது," என்று கையை நீட்டியவன், சகெல்லாரிஸின் கையைப் பார்த்ததும் முகம் மாறினான். "நீங்களாண்ணே? வாங்க, வாங்க. உங்களுக்கு இல்லாத எடமா?" கயிற்றைத் தூக்கிப் பிடித்தான். சகெல்லாரிஸ் தலை குனிந்து அதன் அடியில் நுழைந்தான்.

பாறை விளிம்பு முப்பது அடி கீழே தெரிந்தது. ஏழெட்டுப் பேர் நின்றார்கள். வெள்ளைச் சட்டையை அவள் உடனே அடையாளம் கண்டாள். கூப்பிட வாயெடுத்தாள்.

அந்த நேரம் எதிர்க்குன்றில் முதல் வெடி வெடித்தது. காற்று மார்பில் வந்து அறைந்தது. சகெல்லாரிஸ் அடிபட்ட விலங்குபோல மடங்கி உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டான். உடனே இந்தப் பக்கத்திலிருந்து பதில். பிறகு அங்கிருந்து. அவள் கூப்பிட்ட குரல் அவளுக்கே கேட்கவில்லை.

கீழே நோமிகோஸ் ஒன்றைக் கொளுத்தினான். சுற்றி நின்றவர்கள் சத்தமாக எண்ணினார்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." நாலில் எறிந்தான். கடலுக்கு மேலே வெடித்தது. கைதட்டல். அவன் திரும்பித் தெமெலிஸின் தோளில் குத்தி ஏதோ சொன்னான்; எல்லோரும் சிரித்தார்கள். தெமெலிஸ் சாக்கில் கைவிட்டு ஒன்றை எடுத்தான்.

செவாஸ்தி இறங்க ஆரம்பித்தாள். சரளைக்கல் வழுக்கி உட்கார்ந்தபடி சறுக்கினாள். மகன் தலை நிமிர்ந்தான். அவளைப் பார்க்கவில்லை, அவளுக்கு மேலே, காதைப் பொத்திக்கொண்டு சுருண்டிருந்த தகப்பனைப் பார்த்தான். ஒரு கணம் அப்படியே நின்றான். ஆனால் திரி ஏற்கனவே எரிந்துகொண்டிருந்தது.

"ஒண்ணு," என்றது கூட்டம்.

எறிந்துவிட்டான்.

"ஏய், பயந்தாங்கொள்ளி..." என்று யாரோ ஆரம்பித்தான். முடிக்கவில்லை. வெடி கடலுக்குப் போகவே இல்லை. விளிம்பைத் தாண்டி இரண்டு ஆள் உயரம்கூட இறங்குவதற்குள் வெடித்துவிட்டது. கல் துண்டுகள் மேலே பறந்தன. விளிம்பில் நின்றவர்கள் எல்லோரும் பின்னால் விழுந்தார்கள். புகை விலகியபோது முதலில் வெள்ளைச் சட்டையைத்தான் தேடினாள். உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் பிடித்து, புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து விரலும் இருந்தன.

யாரும் சிரிக்கவில்லை. நோமிகோஸின் முகம் சுண்ணாம்பாகியிருந்தது. இரண்டு வரைக்கும் எண்ணியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே நின்ற ஒவ்வொருவனும் மனதுக்குள் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தெமெலிஸ் தானாக எழுந்து மேலே ஏறினான். வலது காதிலிருந்து ரத்தம் கோடாக இறங்கிச் சட்டைக் காலரில் ஊறியது. அம்மாவைத் தாண்டிப்போய்த் தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எனக்குக் கேக்கல," என்றான், தேவைக்குமேல் சத்தமாக.

சகெல்லாரிஸ் தன் காதுகளிலிருந்து கையை எடுத்து மகன் தலையைப் பிடித்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டான். அவர்கள் இறங்கும்போது நோமிகோஸ் நான்கடி பின்னால் வந்துகொண்டிருந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. திரும்பிப் போகச் சொல்லவும் இல்லை. பாதிப் பாதை இறங்குவதற்குள் மேலே மறுபடியும் வெடிச்சத்தம் தொடங்கிவிட்டது.

*

செவிப்பறை கிழிந்திருக்கிறது, தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் கூடிவிடும் என்றார் டாக்டர். மறுநாள் காலை காதில் பஞ்சோடு தெமெலிஸ் சமையலறைக்கு வந்தான்.

"நான் யோசிச்செல்லாம் போடலம்மா," என்றான். "எண்ண ஆரம்பிச்சதும், அந்த ஆளு லைட்டப் போடச் சொன்னாருன்னு அப்பா சொன்னது ஞாபகம் வந்துச்சு. கை தானா விட்டுடுச்சு."

அவள் பால் பாத்திரத்தை இறக்கி வைத்தாள்.

"அவரு இருக்காரா?"

"இருக்காரு."

"எங்க?"

ஆரஞ்சுத் தோட்டங்கள் இருக்கும் பள்ளத்தாக்கு ஊரில், பேருந்து நிறுத்தத்தில், பந்தெலிஸ் ஒரு பெட்டிக்கடை வைத்திருந்தான். சகெல்லாரிஸ் அந்த ஊருக்குத் தோட்டத் தண்ணீர் மோட்டார் பார்க்கப் போகும்போதெல்லாம் நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கி, தோட்டங்களின் பின்பக்கமாகச் சுற்றிப் போவான். அன்றைக்கு மூவரும் நிறுத்தத்திலேயே இறங்கினார்கள்.

கறுப்புக் கண்ணாடி போட்ட, நரைத்த மனிதன் சிகரெட் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். கன்னத்தில் பழைய தழும்புகள், நீலப் புள்ளிகளாக.

"என்ன வேணும்?"

சகெல்லாரிஸ் பேச முயன்றான். தொண்டையைச் செருமினான்.

அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. "இந்தச் செருமல் எனக்குத் தெரியும்," என்றான் பந்தெலிஸ். "தீவுல அத்தன பேரும் வந்து என்கிட்ட சிகரெட் வாங்கிட்டாங்க. நீ ஒருத்தன்தான் பாக்கி."

"நான் சிகரெட்ட விட்டுட்டேன்."

"அது ஒரு சாக்குப்போக்காடா?"

"பந்தெலிஸ், என் பையன் வந்திருக்கான். செவாஸ்தியும். அவன்கிட்ட நேத்து உண்மையச் சொல்லிட்டோம்."

"முழுசாவா?"

"முழுசா."

"பந்தயம் கட்டினது யாருன்னு சொன்னியா?"

சகெல்லாரிஸ் காலை மாற்றி நின்றான்.

"சொல்லலையா? அப்ப எப்படி முழுசு?" பந்தெலிஸ் காற்றில் முகத்தைத் திருப்பினான். "தம்பி, எங்க நிக்கற?"

தெமெலிஸ் நல்ல காதைக் காட்டிக்கொண்டு கிட்டே போனான். "இங்க."

"பந்தயம் நான் கட்டினது. உங்கப்பன் வேணாம்னான். எல்லார் முன்னாடியும் தொடைநடுங்கின்னேன். அப்புறம் இவன் கையில அது எரியறதப் பாத்ததும் எனக்கே கொல நடுங்கிப் போச்சு. அதான் கிட்டப் போய்க் கத்தினேன். கண்ணு போனதுக்கு ரெண்டு பேருமே பொறுப்பு. அத நான் எப்பவோ கணக்குத் தீத்துட்டேன்." குரல் கடினமாயிற்று. "ஆனா நீ வராம இருந்த பாரு, சகெல்லாரிஸ். அதுக்கு மன்னிப்புக் கெடையாது. கேக்காத."

"கேக்க வரல," என்றான் சகெல்லாரிஸ். "கேக்கற தகுதி எனக்கு இல்ல."

செவாஸ்தி ஒரு அடி முன்னால் வந்தாள். "நானும் வரல பந்தெலிஸ். அவன் வராததுக்குக் காவலா நான் ஒரு கதையும் கட்டி வெச்சேன்."

"அதுவும் என் காதுக்கு வந்துச்சு," என்றான் அவன்.

தெமெலிஸ் தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தான். "பந்தயம் அவரு கட்டினதுன்னு நேத்து ஏம்ப்பா சொல்லல?"

"வெச்சிருந்தது என் கைதானேடா."

பையனின் முகத்தில் இருந்தது என்னவென்று செவாஸ்திக்கு முழுதாகப் பிடிபடவில்லை. கோபம் போய்விடவில்லை. ஆனால் இரண்டு வருஷமாக அவன் தகப்பனை இவ்வளவு நேரம் நேராகப் பார்த்ததை அவள் கண்டதில்லை.

திரும்பிப் போகும் பேருந்து வந்து மூச்சுவிட்டு நின்றது. ஓட்டுநர் இவர்களைப் பார்த்து ஹாரன் அடித்தார்.

"போயிடுவீங்க இல்ல," என்றான் பந்தெலிஸ், அட்டைகளை மறுபடி அடுக்கத் தொடங்கி.

"அடுத்த பஸ் எப்போ?" என்று தெமெலிஸ் கேட்டான்.

"மூணு மணி நேரம் ஆகும்."

செவாஸ்தி ஓட்டுநரிடம் போகச் சொல்லிக் கையசைத்தாள். பையன் காலி ஆரஞ்சுப் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு, இடது காது கடைப்பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தான்.